அடி வழிக்காத டிரம்

சுண்டுவிரலை முதல் கணு வரை நுரைக்குள் விட்டு எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரு மூச்சு இழுக்கிறார் அர்த்தனாரி. பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். துடைக்கும் இடம் வருஷக்கணக்கில் மஞ்சளும் பச்சையுமாகக் கறையேறிப் போயிருக்கிறது. அவர் மனைவி பொன்னம்மாள் அந்தக் கறையோடு மல்லுக்கட்டிச் சலித்து, டிரம் வேலைக்கென்றே இரண்டு வேட்டிகளை ஒதுக்கிக் கொடுத்துவிட்டாள். "பதம் வந்துருச்சு சாமி," என்று டிரம்மைப் பார்த்துச் சொல்கிறார். அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத ஒரே ஜீவன் அதுதான் என்பதால் அதனிடம்தான் அவருக்குப் பேச்சு அதிகம்.

அது வாயகன்ற நீல பிளாஸ்டிக் டிரம். மலைமேல், வாழவந்தி நாடு என்ற ஊரில் அவர் வீட்டுக்குப் பின்னால், பலாமரத்து நிழலில், மூடி தொலைந்துபோய் ஒரு கிழிந்த கொசுவலையைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருப்பது சூடோமோனாஸ். மிளகுக்கொடியின் வேரில் குடியேறி, வேரை அழுகவைக்கும் பூசணத்தை ஒரு மருந்தைச் சுரந்து கொல்லுகிற நல்ல பாக்டீரியா. பல வருஷங்களுக்கு முன்னால் கீழ்நாட்டிலிருந்து, அதாவது சமவெளியிலிருந்து, வந்தவர்கள் நடத்திய பயிற்சி முகாமில் ஆளுக்கொரு தொப்பியும் ஆளுக்கொரு பொட்டலமும் கொடுத்தார்கள். பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்று, தீர்ந்தால் புதிது வாங்கு என்பதுதான் அங்கே சொன்ன பாடம். மற்றவர்கள் ஊற்றினார்கள், தீர்த்தார்கள், மறந்தார்கள். அர்த்தனாரி மட்டும் அதை வெல்லத் தண்ணீரில் போட்டு வளர்த்தார். முக்கால் டிரம்மைக் காட்டுக்கு எடுத்துவிட்டு, அடியில் கிடந்ததன் மேல் மறுபடி வெல்லத் தண்ணீரை ஊற்றினார், பாலுக்கு உறை ஊற்றுவதுபோல. அன்று முதல் அந்த டிரம் காலியானதும் இல்லை, கழுவப்பட்டதும் இல்லை.

இதில் அவருடைய சொந்த மூளை கொஞ்சம்தான். அவர்கள் வீடுகளில் எந்தப் பாத்திரத்தையும் அடி வரை வழிப்பதில்லை. சாமைக் குதிரிலும் உப்புச் சாடியிலும் மோர்ப்பானையிலும் ஒரு கை மிச்சம் வைத்துத்தான் மேலே புதிதை நிரப்புவார்கள். "அடிய வழிச்ச ஊடு வெளங்காது" என்பது பொன்னம்மாள் கடைப்பிடிக்கும் அடுப்படிச் சட்டம். அந்த அடுப்படிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டுபோய் டிரம்மில் போட்டுவிட்டு, எல்லாம் தானே கண்டுபிடித்ததாக அர்த்தனாரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பெண்டாட்டியின் பேரை இந்த விஷயத்தில் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

கண்டுபிடித்தவருக்கு மரியாதை வேண்டாமா? முகாமில் கொடுத்த தொப்பியை அவர் இன்னும் கழற்றவில்லை. அதிலிருந்த எழுத்து வெயிலில் வெளுத்துவிட்டதால் இப்போது அது எந்த இலாகாவின் தொப்பியாகவும் இருக்கலாம். அதுவும் அவருக்கு வசதிதான். கேன் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் காசு வாங்க மாட்டார். அவர் வாங்குவது வேறு. வந்தவர் செருப்பை வேலிக்கு வெளியே விட வேண்டும், கேனைக் கீழே வைக்க வேண்டும், அவர் பேசி முடிக்கும் வரை நிற்க வேண்டும். பேச்சு காப்பிக் குச்சியால் டிரம்மை வலப்பக்கமாகக் கலக்குவதில் தொடங்கி, கடையில் விற்கிற பொட்டலமெல்லாம் வெறும் சுண்ணாம்பு மாவு என்பதில் போய் முடியும். நடுவில், "கிருமியோட கொணம் எனக்குத் தெரியும், என்ற கொணம் கிருமிக்குத் தெரியும்" என்ற வாக்கியம் எப்படியும் வந்துவிடும். சோளக்காட்டுச் சந்தையில் யாராவது வாத்தியாரே என்று கூப்பிட்டுவிட்டால் அன்று முழுக்க அவர் நடையே வேறு.

ஆயுத பூஜைக்கு டிரம்முக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்துக் காவு கொடுப்பார். கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த சவரிமுத்து என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஒருநாள் ரோஜாச்செடிக்கு டிரம் தண்ணீர் வாங்க வந்தவர், இப்படித் திறந்து கிடந்தால் கண்டதும் விழாதா, ஒரு மூடி போட்டால் என்ன என்று கேட்டார். மூடினால் கிருமிக்கு மூச்சு முட்டும் என்றார் அர்த்தனாரி. நிஜ வாத்தியார் வாயை மூடிக்கொண்டு போனார். டிரம்மில் பெண்கள் கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. கேட்டால் கிருமிக்கு ஆகாது என்பார். வெல்லம் நுணுக்குவதும் தண்ணீர் சுமப்பதும் பொன்னம்மாள்தான்; அதற்கு மட்டும் கிருமி ஒன்றும் கோபித்துக்கொள்வதில்லை.

நாளாக நாளாக டிரம் கொழுத்தது. முன்பெல்லாம் மெதுவாக வந்த பதம் இப்போது ஒரே ராத்திரியில் வந்தது. நுரை விளிம்பைத் தாண்டிப் பொங்கியது, கரைசல் கஞ்சிபோலத் தடித்தது. மூக்கில் காரமாக ஏறிக்கொண்டிருந்த வாசம், அளிந்த பலாச்சுளை வாசமாக மாறியது. வயதாக வயதாக வீரியம் ஏறுகிறது, என்னைப் போலவே என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். போன வருஷம் கொடுவாள் பட்டுக் குதிகாலில் வெட்டு விழுந்தபோது, வேர் அழுகலைக் கொல்லுகிறது கால் அழுகலைக் கொல்லாதா என்று டிரம் தண்ணீரை நனைத்துக் கட்டுப் போட்டார். கால் வீங்கி, சீழ் பச்சையாக இறங்கி, ஜுரத்தில் பிதற்றியவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தது. தேறி வந்தவர், ஊசி போட்ட நர்ஸுக்குக் கை சரியில்லை என்றார். இன்றைக்கும் ஏற்றத்தில் காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். புதிதாகக் கேட்பவர்களிடம் பாறை வழுக்கிவிட்டது என்பார்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான், அவருக்கு ருக்குமணி என்று ஒரு தங்கை இல்லாமல் இருந்திருந்தால்.

ருக்குமணி அதே மலையில் திருப்புலி நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் போன பிறகு தனியாகக் காடு பார்க்கிறாள். வீட்டுக்குக் கீழே ஒரு காடு, மேலே ஒரு காடு. இரண்டிலும் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறாள். ஒவ்வொரு கொடியும் அவளே நட்டு, அவளே மரத்தோடு சேர்த்துக் கட்டி, மழையில்லாத மாசத்தில் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்தது. அண்ணன் சொல்லைத் தட்டாமல் வருஷா வருஷம் டிரம் தண்ணீரைத்தான் வேரில் ஊற்றினாள். இந்த ஐப்பசி மழையில் கீழ்க்காட்டுக் கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிவிட்டன. இலை கறுத்தது, தண்டு கணுக்கணுவாகக் கழன்று விழுந்தது, வேரைத் தோண்டினால் தோல் கையோடு உரிந்து வந்தது. மேல்காடு மட்டும் பச்சையாக நின்றது. அதுவும் போனால் மலையிறங்கி ஏதாவது கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கத்தான் போக வேண்டும். அப்படி இறங்கிப் போனவர்களின் பூட்டிய வீடுகளைத் தாண்டித்தான் அவள் தினமும் காட்டுக்குப் போகிறாள்.

செய்தி கேட்டு அர்த்தனாரி போனார். தொப்பியோடுதான் போனார். செத்த கொடிகளுக்கு நடுவில் நின்று, கேனைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று கேட்டார். இல்லை என்றாள். வெயில் ஏறிய பிறகு ஊற்றினாயா என்றார். அதற்கும் இல்லை என்றாள். வேறு கேள்வி கிடைக்காமல் போகவே, அங்கே நின்றிருந்த ஆண்கள் காதுபட, "தூரமா இருக்கறப்ப ஊத்துனியா?" என்று கூடப்பிறந்தவளைக் கேட்டார். தலை நரைத்து மாதவிலக்கெல்லாம் என்றைக்கோ ஓய்ந்துபோன பெண்ணைப் பார்த்து, அவள் பிழைப்பே அழுகிக் கிடக்கிற இடத்தில் நின்று கேட்கிற கேள்வியா அது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை விட்டுவிட்டு, கூடத்தைப் பெருக்கினவளைக் கோணல் என்றார்.

ருக்குமணி, மேல்காட்டுக்கு ஊற்றுவதற்காக வைத்திருந்த கேனிலிருந்து ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள். அழுகிய வேர் ஒன்றை வாழையிலையில் சுற்றிக்கொண்டாள். மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் செம்மேட்டுக்கு பஸ் ஏறினாள்.

செம்மேட்டில் ஒரு மிளகுத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்து ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தொப்பி கொடுத்ததும் இவர்களுடைய ஆட்கள்தான். கொடுத்த பொட்டலம் என்ன ஆயிற்று என்று ஒரு தடவையாவது வந்து பார்த்தார்களா என்றால் அதுதான் இல்லை. தொப்பி போட்ட தலைகளைப் போட்டோ பிடித்துக்கொண்டு இறங்கியதோடு அவர்கள் கடமை முடிந்தது. இப்போது அங்கே வேலை பார்ப்பவள் மோனிஷா, ராசிபுரத்துப் பெண், பாக்டீரியாவைப் பற்றிப் படித்தவள். ருக்குமணி கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினாள்.

அர்த்தனாரி பாராட்டு வாங்கத்தான் கிளம்பினார். தன் டிரம்மை ஆய்வுக்கூடத்தில் பரிசோதிக்கிறார்கள் என்று டீக்கடையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். வெள்ளை வேட்டி, கறையில்லாதது.

மோனிஷா மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்தாள். இரண்டிலும் ருக்குமணியின் வேரிலிருந்து எடுத்து வளர்த்த அழுகல் பூசணம் பஞ்சுபோல வெள்ளையாகப் படர்ந்திருந்தது. முதல் தட்டில் நடுவே வைத்த சொட்டைப் பூசணத்தால் நெருங்க முடியவில்லை. சுற்றிலும் வட்டமாக வெற்றிடம் விட்டு விலகி நின்றது. அந்தச் சொட்டில் இருந்தது அன்றைக்குப் பொட்டலத்தில் கொடுத்த அதே பாக்டீரியா, இத்தனை காலமும் ஃப்ரீசரில் வைத்திருந்தது. இரண்டாவது தட்டில் வைத்தது அர்த்தனாரியின் டிரம் தண்ணீர். அந்தச் சொட்டின் மேல் பூசணம் பாய் விரித்துப் படுத்திருந்தது.

அர்த்தனாரி தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன்னுடையது மலைக்கிருமி, ஒரே ராத்திரியில் கஞ்சியாகக் கெட்டிப்படுவது, கண்ணாடித் தட்டு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்றார். தன் காட்டில் ஒரு கொடிகூட வாடவில்லையே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று அந்தப் பெண்ணையே மடக்கினார். உங்கள் காட்டுக்கு இன்னும் பூசணமே வந்து சேரவில்லையோ என்னவோ என்றாள் அவள். நோய் வராத காட்டுக்குக் கழுநீரை ஊற்றினாலும் மருந்துதான்.

பிறகு மோனிஷா பொறுமையாகச் சொன்னாள். பாக்டீரியாவுக்குள் மருந்து சுரப்பதற்கென்று மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றை முடுக்கிவிடுவதற்கு இன்னொரு மரபணு இருக்கிறது, வீட்டுக்கு மெயின் சுவிட்ச் மாதிரி. மண்ணில் எதிரிகளுக்கு நடுவே பிழைக்க வேண்டியிருப்பதால் அந்த சுவிட்ச் பழுதானது அங்கே தாக்குப்பிடிக்காது. டிரம்மிலோ எதிரி கிடையாது, வேளா வேளைக்கு வெல்லம். கோடி கோடியாகப் பெருகும்போது எங்கேயோ ஒன்று சுவிட்ச் பழுதாகிப் பிறந்துவிடும். மருந்து சுரக்கும் செலவு அதற்கு இல்லை. தின்பதும் பெருகுவதும்தான் அதன் வேலை. உழைக்கிறது ஒன்று இரண்டாவதற்குள் தண்டச்சோறு நாலாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அடியில் மிச்சம் வைத்து மேலே வெல்லம் ஊற்ற ஊற்ற, மிஞ்சியதில் தண்டச்சோறே அதிகம். கடைசியில் டிரம் முழுக்க அதுதான் நின்றது.

"கெட்டியாயிருச்சுன்னு சந்தோசப்பட்டீங்களே, அதேதாங்க சீக்கு," என்றாள் மோனிஷா. "வேலை செய்யறது அவ்வளவு சீக்கிரம் கொழுக்காதுங்க."

இன்னொன்றும் சொன்னாள். சூடோமோனாஸுக்கு ஒரு பங்காளி உண்டு, அது மனுஷனுடைய புண்ணில் குடியேறி சதையை அழிக்கும். அதற்குள்ளும் கிட்டத்தட்ட இதே சுவிட்ச்தான். இங்கே பூசணத்தைக் கொல்லும் மருந்தை முடுக்குகிற அதே வகைச் சாவி, அங்கே ஆளைப் படுக்கையில் தள்ளும் விஷத்தை முடுக்குகிறது. மூடியில்லாத டிரம்மில் அந்தப் பங்காளியும் வந்து பந்தியில் உட்கார்ந்திருக்கலாம், அதனால் அந்தத் தண்ணீர் புண்ணில் படவே கூடாது என்றாள். அர்த்தனாரி தன் குதிகாலை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

ருக்குமணி இரண்டாவது தட்டை எடுத்து அண்ணன் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"ஏனுங்ணா, நாந் தூரமான்னு கேட்டீங்களே," என்றாள். "இந்தத் தட்டுகிட்டயும் அதையே கேளுங்க."

அர்த்தனாரி தட்டைப் பார்க்காமல் தொப்பியைச் சரிப்படுத்திக்கொண்டார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. புதுக் கிருமி கொடுத்தால் தானே பதம் பண்ணித் தருவதாகச் சொன்னார், வரம் கொடுக்கிற தோரணையில். ருக்குமணியிடம் அவ்வளவு பெரிய பாத்திரம் கிடையாது. மேல்காட்டு வேர்கள் அத்தனைக்கும் ஊற்ற டிரம் கொள்ளுமளவு வேண்டும். கழுவுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிச் சம்மதித்தாள். மோனிஷா ஒரு சின்ன பாட்டிலில் நல்லதை ஊற்றிக் கொடுத்தாள். டிரம்மை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைக்க வேண்டும், மூடி போட்டு ஒரே ஒரு முறை வளர்க்க வேண்டும், முழுவதையும் ஊற்றித் தீர்த்துவிட வேண்டும், அடுத்த முறை தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்றாள்.

"பழசு ஒரு சொட்டு உள்ள இருந்தாப் போதுங்க," என்று வாசல் வரை வந்து மறுபடியும் சொன்னாள். "அதுதான் திரும்ப ரொம்பும். உங்க தங்கச்சி காட்டுக்கு இன்னொரு வாய்ப்புக் கெடையாதுங்க."

ஊரில் இறங்கியதும் அர்த்தனாரி டீக்கடையில், தன் கிருமியின் அருமை தெரிந்து ஆய்வுக்கூடத்தில் ஃப்ரீசர் வைத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே விழுந்தாலும் மண் ஒட்டாத மீசை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு ருக்குமணி வந்துவிட்டாள். சொன்னபடி அர்த்தனாரி டிரம்மைக் கவிழ்த்திருந்தார். பலாமரத்தடியில் மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பு ஓடியிருந்தது, கோழிகள்கூட அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போயின. தங்கை பார்க்கப் பார்க்க பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்தார். தலையை உள்ளே விட்டுத் தேய்த்தபோது தொப்பி கழன்று விழுந்தது. தொப்பியில்லாத அவர் தலையைப் பொன்னம்மாளே பார்த்து நாளாயிற்று போலிருக்கிறது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேய்த்தார், அலசினார், மறுபடி தேய்த்தார், இழுக்கிற காலோடு தானே போய்த் தண்ணீர் சுமந்து வந்தார். அந்த ஒரு காலைப் பொழுதுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

டிரம் வெயிலில் காய்ந்தது. ஒரு புது மூடிகூட எங்கிருந்தோ வந்திருந்தது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை உள்ளே ஊற்றியதும், பாட்டிலைத் தங்கையிடம் நீட்டி, "நீயே ஊத்து கண்ணு," என்றார். பெண்கள் கை படக் கூடாத டிரம்மில் முதல்முதலாக ஒரு பெண்ணின் கை பட்டது. ருக்குமணி பாட்டிலைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரை உதறினாள். அவள் முகத்தில் பல வாரத்துக்குப் பிறகு ஒரு தெளிவு தெரிந்தது. மேல்காட்டு வரப்பில் ஒரு வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீரை வடித்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொன்னாள். நல்லது செய்தாய் என்றார் அவர். பொன்னம்மாள் வெல்லத்தைக் கரைத்தாயிற்று, வந்து ஒரு கை பிடி என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். ருக்குமணி எழுந்து போனாள்.

அர்த்தனாரி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பலாமரத்தின் பின்னால் போய், குச்சிக்கிழங்குத் தழைக்கு அடியிலிருந்து, தட்டுப் போட்டு மூடிய ஒரு சொம்பை எடுத்து வந்தார். அதற்குள், டிரம்மைக் கவிழ்க்கும் முன் எடுத்துவைத்த பழைய அடிக் கரைசல் இருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க டிரம்மின் உள்சுவரோரமாகச் சரித்து ஊற்றினார். ஊற்றி முடித்ததும் சொம்பைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலால் அதன் அடியைச் சுத்தமாக வழித்து, வழித்ததையும் உள்ளே உதறினார்.